மேல் காது குத்தலாமா? வாசகர் கேள்விகளும் மருத்துவர் பதில்களும்

சென்ற இதழில் காதுக்குள் குச்சி விட்டுக் குடைவதன் கேடுகளைப் பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை காதின் உட்புறத்தை அப்படியே விட்டுவிட்டு, வெளியே மடலின் மேற்பகுதியில் துளையிட்டுக் கொள்வதைப் பற்றியே கேட்டிருந்தன. ஒரே பொருளைச் சுற்றி வந்தவை என்பதால் அவற்றுள் சிலவற்றை இந்த இதழில் சேர்த்துத் தருகிறேன். எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்து ஊரை மட்டும் குறிப்பிட்டிருக்கிறேன்.

*கேள்வி: எனக்கு ஒரு வயதிலேயே குலதெய்வக் கோயிலில் காது குத்தினார்களாம். எந்தத் தொந்தரவும் வந்ததில்லை. இப்போது கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். மேல் காதில் ஒரு சிறிய ஸ்டட் போட ஆசை. அம்மா "அது எலும்பு, அங்கே குத்தக் கூடாது" என்கிறார். தோழிகளோ "கீழே குத்துவது போலத்தான், ஒரு மாதத்தில் ஆறிவிடும்" என்கிறார்கள். யார் சொல்வது சரி? (வாசகி, கோவை)*

இருவர் சொல்வதிலும் பாதி சரி. உங்கள் காது மடலின் மேற்பகுதியை விரலால் மடக்கிவிட்டு விடுங்கள். அது துள்ளிப் பழைய நிலைக்கு வரும். கீழே தொங்கும் சோணையை மடக்கினால் அந்தத் துள்ளல் இருக்காது. மேலே தோலுக்கு அடியில் இருப்பது குருத்தெலும்பு. சோணையில் இருப்பது கொழுப்பும் நார்த்திசுவும் மட்டுமே. அம்மா எலும்பு என்று சொன்னது இந்தக் குருத்தெலும்பைத்தான். அங்கே குத்தவே கூடாது என்பதில்லை. ஆனால் தயங்குவதற்கு அவருக்குக் காரணம் உண்டு.

குருத்தெலும்புக்குள் இரத்தக் குழாய்கள் கிடையாது. அதன் இரு பக்கமும் ஒட்டியிருக்கும் மெல்லிய உறையிலிருந்து ஊறி வரும் உணவையும் உயிர்வளியையும் கொண்டுதான் அது வாழ்கிறது. சோணையில் ஒரு காயம் பட்டால் அதை ஆற்றுவதற்கு வேண்டியதை இரத்தம் நேரடியாகக் கொண்டு வந்து சேர்க்கும். குருத்தெலும்பில் பட்ட காயத்துக்கு அந்த வசதி இல்லை. அதனால்தான் சோணைத் துளை 6 முதல் 8 வாரங்களில் ஆறிவிட, மேல் காதுத் துளை முழுமையாக ஆறுவதற்கு 6 மாதம் முதல் ஓராண்டு வரை ஆகிறது. தோழிகள் சொல்லும் ஒரு மாதக் கணக்கு வெளித்தோலின் கணக்கு. முன்னும் பின்னும் தோல் காய்ந்து வலி நின்றுவிடும். உள்ளே துளையின் சுவர் இன்னும் பச்சைப் புண்ணாகவே இருக்கும். ஆறிவிட்டதென்று நம்பி ஸ்டட்டைக் கழற்றுபவர்கள் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஆகவே ஆசைப்படுவதில் தவறில்லை. வரும் ஓராண்டை மனத்தில் வைத்து முடிவு செய்யுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு காதிலும் குத்திக்கொள்ள வேண்டாம், ஒருக்களித்துப் படுக்க ஒரு பக்கமாவது மிச்சம் இருக்க வேண்டும். முதல் முறை என்றால் ஹெலிக்ஸ் எனப்படும் மேல் விளிம்பே ஏற்ற இடம். இரண்டு துளைகளை ஒரே கம்பியால் இணைக்கும் இண்டஸ்ட்ரியல் வகையை முதல் முறைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு துளையில் ஏற்படும் அசைவு மற்றொன்றையும் புண்ணாக்கும். நீரிழிவு உள்ளவர்கள், இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள், இதய வால்வுக் கோளாறு உள்ளவர்கள், கருவுற்றிருப்பவர்கள் ஆகியோர் தம் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்கக் கூடாது. டெட்டனஸ் தடுப்பூசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். 10 ஆண்டுகள் கடந்திருந்தால் மறுபடி போட்டுக்கொள்வது நல்லது.

*கேள்வி: என் மகளுக்கு 16 வயது. நகைக்கடையில் கன் ஷாட் போட்டால் ஒரு நொடியில் முடிந்துவிடும், வலியே தெரியாது என்கிறார்கள். எங்கள் குடும்பத்துக்கு மூன்று தலைமுறையாகக் காது குத்தும் ஆசாரி ஒருவர் இருக்கிறார். பியர்சிங் ஸ்டூடியோ என்று புதிதாகவும் ஒன்று திறந்திருக்கிறார்கள். எங்கே அழைத்துச் செல்வது? (வாசகி, மதுரை)*

மேல் காதுக்கு மட்டும் துப்பாக்கி வேண்டாம். ஒரு நொடி என்பது உண்மை. அந்த நொடியில் நடப்பது என்ன என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். துப்பாக்கியில் ஊசி இல்லை. மழுங்கிய முனையுள்ள ஸ்டட்டையே வில்விசையின் வேகத்தில் காதுக்குள் செலுத்துகிறார்கள். மென்மையான சோணை அந்த அழுத்தத்துக்கு இடம் கொடுத்துவிடும். விறைப்பான குருத்தெலும்பு கொடுக்காது. மேலும், மறுமுறையும் பயன்படுத்தும் துப்பாக்கியின் உடல் பிளாஸ்டிக்கால் ஆனது. மருத்துவமனைக் கருவிகளைப் போல ஆட்டோகிளேவில் 121 டிகிரி செல்சியஸ் நீராவியில் வைத்தால் அது உருகிவிடும். எனவே ஸ்பிரிட்டால் துடைப்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஒருவருக்கு மட்டும் பயன்படுத்தி எறியும் உறையுடன் வரும் புதிய கருவிகளில் இந்தக் குறை நீங்கியிருக்கிறது என்றாலும் முனை மழுங்கியதுதான். போதாக்குறைக்கு, அந்த ஸ்டட்டின் தண்டு குட்டையானது. குத்திய மறுநாள் காது வீங்கும்போது பின்பக்கப் பிடிப்பு சதையை நெரிக்கும். சில சமயம் சதைக்குள்ளேயே புதைந்துவிடும்.

அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தில் 2000ஆம் ஆண்டு நடந்த ஒன்றைச் சொல்கிறேன். நகை விற்கும் ஒரு சிறு கடையில் மேல் காது குத்திக்கொண்டவர்களில் 7 பேருக்குச் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாவின் தொற்று உறுதியானது. அனைவரும் 10 முதல் 19 வயதுக்குள் இருந்தவர்கள். தேடிப் பார்த்ததில், கிருமியைக் கொல்வதற்காக அங்கே தெளித்து வந்த கிருமிநாசினிப் புட்டிக்குள்ளேயே அந்தப் பாக்டீரியா குடியிருந்தது. மருந்து தெளிக்கிறார்களா என்று மட்டும் பார்த்துத் திருப்தியடையக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

உங்கள் ஆசாரியின் கைப்பழக்கத்தின் மீது எனக்கு மதிப்பு உண்டு. தாய்மாமன் மடியில் திமிறும் குழந்தையின் காதில் இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் கம்பி ஏற்றுவது எளிய கலையன்று. ஆனால் அவர் கைக்குப் பழகியது சோணை. மேல் காதுக்கு வேண்டியது, உறையிட்டு வந்து உங்கள் கண்முன் பிரிக்கப்படும், ஒருமுறை மட்டுமே பயன்படும் உள்ளீடற்ற ஊசி. அது சதையை நெரித்துத் தள்ளாமல் கூர்மையாக வெட்டி நகைக்கு வழிவிடும். இதைச் செய்யும் மருத்துவர்கள் இருக்கிறார்கள். நல்ல ஸ்டூடியோக்களும் செய்கின்றன. போனவுடன் மூன்றைக் கேளுங்கள்: ஊசியை என் எதிரில் பிரிப்பீர்களா, நகையை ஆட்டோகிளேவில் வைத்தீர்களா, கையுறையை எனக்காகப் புதிதாக மாற்றுவீர்களா. கேட்டதற்கு முகம் சுளிக்கிறார்கள் என்றால் மகளை எழுப்பிக்கொண்டு வந்துவிடுங்கள். கிருமி நீக்காத ஊசி வழியே மஞ்சள் காமாலை வைரஸ்களான ஹெப்படைட்டிஸ் பி, சி இரண்டும் பரவக்கூடியவை. கூச்சப்படுவதற்கு இது இடமில்லை.

*கேள்வி: முதலில் போடும் ஸ்டட் 22 காரட் தங்கமாக இருந்தால் போதும் என்று நினைக்கிறேன். சரிதானா? (வாசகி, கும்பகோணம்)*

ஆறிய துளைக்குச் சரி. புதுத் துளைக்கு அது அவ்வளவு ஏற்றதன்று. 22 காரட் மென்மையானது, எளிதில் கீறல் விழும்; அந்தக் கண்ணுக்குத் தெரியாத கீறல்களில் அழுக்கும் கிருமியும் தங்கும். உடலுக்குள் பொருத்தும் தரத்திலான டைட்டானியம் முதல் தேர்வு. தங்கம்தான் வேண்டும் என்றால் நிக்கல் கலவாத 14 அல்லது 18 காரட். வெள்ளைத் தங்கம் என்று விற்பதில் நிக்கல் இருக்கக்கூடும், கேட்டு வாங்குங்கள். கவரிங் நகையைப் புதுப் புண்ணில் போடவே கூடாது. முலாம் தேய்ந்ததும் அடியிலுள்ள உலோகம் புண்ணைத் தொடும். நிக்கல் ஒவ்வாமை ஒருமுறை வந்துவிட்டால் பெரும்பாலும் ஆயுள் முழுவதும் தொடரும். திருகாணி வைத்த நகையையும் தவிர்க்கலாம், மரையின் இடுக்குகளில் கசிவு காய்ந்து ஒட்டிக்கொள்ளும். பின்பக்கம் தட்டையாக, வீக்கத்துக்கு இடம் விட்டுச் சற்றே நீளமான தண்டு இருப்பதே நல்லது.

*கேள்வி: எனக்கு 74 வயது. என் பாட்டி காலத்தில் சோணையில் பாம்படமும் தண்டட்டியும், மேல் காதில் கொப்பும் முருகும் போட்டார்கள். எனக்கும் மேல் காது குத்தினார்கள். மஞ்சளைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துத் தடவி, வேப்பங்குச்சியைச் செருகி, தினமும் திருகிவிட்டோம். எல்லாம் ஆறிற்று. இப்போது பேத்திக்கு உப்புத் தண்ணீர் தவிர எதுவும் கூடாது என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். எங்கள் வைத்தியம் அவ்வளவு மோசமா? (வாசகி, திருநெல்வேலி)*

அம்மா, உங்கள் காது ஆறியது மகிழ்ச்சி. ஆனால் ஆறிய காதுகளில்தான் நகை மின்னும். ஆறாமல் சுருங்கிய காதுகள் முடிக்குள் மறைந்துவிடும். நம் கண்ணில் படுபவை முதல் வகை மட்டுமே என்பதால் அந்த வைத்தியம் எல்லோருக்கும் பலித்தது போலத் தோன்றுகிறது. மேல் காது குத்துவது இன்றைய பெண்கள் கண்டுபிடித்ததில்லை என்று நீங்கள் நினைவூட்டியது மிகவும் சரி. அதை இந்தப் பகுதியின் இளைய வாசகிகளும் தெரிந்துகொள்ளட்டும்.

மஞ்சளுக்குக் கிருமியைத் தடுக்கும் குணம் ஓரளவு உண்டென்றாலும், அம்மியிலோ டப்பாவிலோ இருக்கும் மஞ்சள் கிருமியற்றதன்று. எண்ணெயில் குழைத்துப் பூசும்போது அது துளையின் வாயை அடைத்துவிடும். உள்ளிருந்து வெளியேற வேண்டிய கசிவு அங்கேயே தேங்கும். இரத்த ஓட்டம் மிகுந்த சோணை அதைச் சமாளித்துக்கொள்ளும், குருத்தெலும்பு சமாளிக்காது. திருகிவிடுவதும் அப்படித்தான். தண்டைச் சுற்றித் துளையின் உட்சுவரில் புதுத்தோல் படர்ந்து வர வேண்டும். ஒவ்வொரு முறை திருகும்போதும் அது கிழிந்து, தண்டில் காய்ந்திருக்கும் பொருக்கும் உள்ளே இழுபடுகிறது. சதை ஒட்டிக்கொள்ளும் என்று அஞ்சித் திருகினோம். வழவழப்பான நல்ல உலோகத்தில் சதை ஒட்டாது.

பேத்திக்கு எழுதிக் கொடுத்தது சரியானதே. கையைச் சோப்பால் கழுவிய பிறகு, மருந்துக் கடையில் கிடைக்கும் 0.9 விழுக்காடு உப்பு நீரான நார்மல் சலைனைக் காலையும் இரவும் துளையின் முன்னும் பின்னும் விட்டு, ஊறிய பொருக்கைச் சுத்தமான காஸ் துணியால் மெல்ல ஒற்றி எடுத்தால் போதும். பஞ்சு வேண்டாம், அதன் இழை நகையில் சிக்கிக்கொள்ளும். சலைனில் கிருமி வளராமல் தடுக்கும் பொருள் எதுவும் இல்லாததால், திறந்த பாட்டிலை நாள்கணக்கில் வைத்துப் பயன்படுத்தக் கூடாது. சிறிய குப்பிகளாகவோ புண் கழுவும் ஸ்ப்ரேயாகவோ வாங்குவது வசதி. வீட்டில் உப்புக் கரைத்தால் அளவு கூடிப் புண் வறண்டு எரியும். ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு, டெட்டால் ஆகியவை கிருமியோடு சேர்த்துப் புதிதாக வளரும் செல்களையும் அழிக்கும். முதல் சில வாரங்களுக்கு வெளிர் நிறத்தில் நீர் கசிந்து காய்வது இயல்பு. அதைச் சீழ் என்று எண்ணிப் பயப்பட வேண்டாம். தலைக்கு எண்ணெய் வைக்கும் நாளில் பேத்தியின் காதைத் தப்பவிட்டு வையுங்கள், அதுவே நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி.

*கேள்வி: மேல் காது குத்தி நான்கு வாரம் ஆகிறது. இரண்டு நாளாகக் காதின் மேல் பாதி முழுவதும் சிவந்து, வீங்கி, தொட்டால் சுடுகிறது. வலியில் தூக்கம் இல்லை. சோணை மட்டும் சாதாரணமாக இருக்கிறது. மருந்துக் கடையில் சொல்லி ஆன்டிபயாட்டிக் வாங்கிச் சாப்பிடுகிறேன், குறையவில்லை. இன்னும் எத்தனை நாள் பார்க்கலாம்? (வாசகர், சேலம்)*

ஒரு நாளும் பார்க்கக் கூடாது. மின்னஞ்சலில் வந்த கடிதம் என்பதால் இவருக்கு அன்றைக்கே பதில் அனுப்பிவிட்டோம். மற்றவர்களுக்குப் பயன்படும் என்பதால் இங்கே விரிவாகத் தருகிறேன்.

சோணை மட்டும் சாதாரணமாக இருக்கிறது என்று அவர் போகிற போக்கில் எழுதிய அந்த ஒரு வரிதான் இந்தக் கடிதத்திலேயே முக்கியமானது. தோலில் மட்டும் தொற்று இருந்தால் அது சோணைக்கும் பரவும். மேற்பகுதி முழுவதும் வீங்கிச் சோணை தப்பியிருந்தால், தொற்று குருத்தெலும்பின் உறையைப் பிடித்திருக்கிறது என்று ஐயுற வேண்டும். சோணையில்தான் குருத்தெலும்பு இல்லையே. இதை மருத்துவத்தில் பெரிகாண்ட்ரைட்டிஸ் என்போம். உறைக்கும் குருத்தெலும்புக்கும் நடுவே சீழ் தேங்கினால், குருத்தெலும்புக்கு உணவு வரும் ஒரே வழி அடைபடுகிறது. அது மடிந்து போனால் மீண்டும் வளராது. மடல் சுருங்கிக் கோணி, மல்யுத்த வீரர்களிடம் காணும் காலிஃபிளவர் காது போல நிலைத்துவிடும். பிறகு அதைச் சீராக்க விலா எலும்போடு ஒட்டிய குருத்தெலும்பை எடுத்துக் காது வடிவத்தில் செதுக்கிப் பொருத்த வேண்டியும் வரலாம். ஒரு ஸ்டட்டுக்காக அவ்வளவு தூரம் போவதை யாரும் விரும்ப மாட்டார்கள்.

வாங்கிச் சாப்பிட்ட மாத்திரை ஏன் பலிக்கவில்லை என்பதற்கும் காரணம் உண்டு. இந்தத் தொற்றை மிகுதியாக உண்டாக்குவது மேலே ஓரிகான் கதையில் வந்த அதே சூடோமோனாஸ். ஈரமான இடங்களிலும் தேங்கிய நீரிலும் வாழும் இந்தப் பாக்டீரியாவைத் தோல் புண்ணுக்கு வழக்கமாகக் கொடுக்கும் அமாக்சிசிலின் போன்ற மருந்துகள் எதுவும் செய்யாது. அதற்கென்று உள்ள மருந்தை, வயதையும் உடல்நிலையையும் பார்த்து மருத்துவர்தான் எழுத வேண்டும்; சீழ் கோத்திருந்தால் கீறி வடிக்க வேண்டும். நகையை நீங்களாகக் கழற்றி எறியாதீர்கள். துளையின் வாய் மூடிக்கொண்டு சீழ் உள்ளே சிறைப்படலாம். எடுப்பதா வேண்டாமா என்பதைக் காது மூக்கு தொண்டை மருத்துவர் பார்த்து முடிவு செய்யட்டும். மேல் காதில் வலி நாளுக்கு நாள் கூடுவது, வீக்கம் துளையைத் தாண்டி மடலில் பரவுவது, மடலின் மேடு பள்ளங்கள் மறைந்து மழமழவென்று ஆவது, காய்ச்சல் அடிப்பது ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கே புறப்படுங்கள். குத்தி ஒரு மாதத்துக்குள் இது வருவதே மிகுதி. அந்தக் காலத்தில் குளம், ஆறு, கடல், நீச்சல் குளம் எதிலும் தலையை நனைக்காமல் இருப்பது பாதுகாப்பு.

*கேள்வி: நான் ஆண். வேலைக்குத் தினமும் 18 கிலோமீட்டர் பைக்கில் போகிறேன், அலுவலகத்தில் ஹெட்செட். ஹெலிக்ஸ் குத்தி மூன்று மாதமாகிறது. துளைக்குப் பின்னால் மிளகு அளவில் சிவப்பாக ஒரு கட்டி. இது கீலாய்டா? (வாசகர், சென்னை)*

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் உரசலால் வந்த சதைக் கட்டியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஹெல்மெட்டை மாட்டும்போதும் கழற்றும்போதும் தினமும் குறைந்தது நான்கு முறை அந்தத் தண்டு வளைகிறது. அலுவலகத்தில் மீதி நேரம் ஹெட்செட் அழுத்துகிறது. ஹெல்மெட்டை விடச் சொல்ல மாட்டேன், உயிர் காதைவிடப் பெரியது. இரண்டு கையாலும் பட்டைகளை வெளிப்புறம் விரித்துப் பிடித்து மாட்டுங்கள். ஹெட்செட்டை மறு காதுக்கு மாற்றுங்கள். வீக்கம் வடிந்த பிறகும் முதலில் போட்ட நீளத் தண்டையே வைத்திருந்தால் அது ஆடிக்கொண்டே இருக்கும். வழக்கமாக 4 முதல் 8 வாரத்தில் குத்தியவரிடமே சென்று குட்டைத் தண்டுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். உங்களுக்கு அந்த நாள் கடந்துவிட்டது. உறங்கும்போது அந்தப் பக்கம் படுக்காதீர்கள். முடியாவிட்டால் நடுவில் ஓட்டையுள்ள பயணத் தலையணையில் காது ஓட்டைக்குள் வரும்படி படுங்கள். இவற்றைச் சரிசெய்தால் இத்தகைய கட்டி சில வாரங்களில் வற்றத் தொடங்கும்.

கீலாய்டு வேறு. அளவு மீறி வளரும் தழும்பான அது துளையின் எல்லையோடு நிற்காமல் சுற்றியுள்ள நல்ல தோலின் மீதும் படர்ந்து வளரும். கெட்டியாக, அரிப்போடு, பெரும்பாலும் சில மாதங்கள் கழித்துத் தலைகாட்டும். கறுத்த தோல் உள்ளவர்களிடமும், 10 முதல் 30 வயதுக்குள் உள்ளவர்களிடமும், குடும்பத்தில் யாருக்காவது இருந்தவர்களிடமும் மிகுதியாகக் காணப்படுவது. உங்கள் பெற்றோருக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ தடுப்பூசித் தழும்போ அறுவைத் தழும்போ புடைத்து வளர்ந்திருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். கீலாய்டை வெட்டி எடுப்பதோடு விட்டுவிட்டால் மறுபடி, சில சமயம் முன்னிலும் பெரிதாக, வளரும்; அதனால் கட்டிக்குள் ஸ்டீராய்டு ஊசி போடுவது, அழுத்தும் கிளிப் அணிவது போன்றவற்றையும் சேர்த்தே தோல் மருத்துவர்கள் செய்கிறார்கள். ஏற்கனவே ஒரு கீலாய்டு வந்தவர்கள் மேல் காது குத்தும் எண்ணத்தையே கைவிடுவது நல்லது.

*கேள்வி: காதுத் துளைக்கு மேலே உள்ள மடிப்பில் குத்தும் டேத் வகையால் ஒற்றைத் தலைவலி குணமாகும் என்கிறார்களே? (வாசகி, தஞ்சாவூர்)*

அதற்குத் தக்க சான்று இல்லை. சிலருக்குக் கொஞ்ச காலம் குறைந்ததாகச் சொல்கிறார்கள். ஒற்றைத் தலைவலி தானாகவே கூடிக் குறையும் நோய் என்பதால் அதை வைத்து எதையும் முடிவு செய்ய இயலாது. அழகுக்காகக் குத்திக்கொள்ளுங்கள், மருந்தாக வேண்டாம். தலைவலிக்கு நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.

*கேள்வி: ஏழு மாதத்துக்கு முன் குத்திய மேல் காது இப்போது வலியில்லை. அடுத்த வாரம் முழங்காலுக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஸ்டட்டைக் கழற்றினால் துளை மூடிவிடுமா? (வாசகி, யாழ்ப்பாணம்)*

ஏழு மாதத்துத் துளை சில மணி நேரத்திலேயே சுருங்கக்கூடும். பல ஆண்டு ஆறிய சோணைத் துளையைப் போல அது காத்திருக்காது. ஸ்கேன் எடுக்கும் இடத்தில் இப்போதே பேசி, உங்கள் நகை எந்த உலோகம் என்று சொல்லுங்கள். டைட்டானியத்தைக் காந்தம் இழுக்காது என்றாலும், எல்லா உலோகத்தையும் கழற்றுவதே அங்கே விதி. குத்தியவரிடம் முதல் நாள் சென்று கண்ணாடியாலோ பிளாஸ்டிக்காலோ ஆன தற்காலிகத் தண்டை மாற்றிக்கொண்டு, ஸ்கேன் முடிந்ததும் பழைய நகையை அவரிடமே திரும்பப் போட்டுக்கொள்ளுங்கள். கண்ணாடி முன் நின்று நீங்களாகச் செருகிப் பார்க்க வேண்டாம்; தண்டு துளையின் வழியே போகாமல் சதையில் வேறு வழியைக் குத்திவிட்டால், ஏழு மாதம் கழித்து முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.